ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்ஜினை வீட்டிலேயே கழற்றி மாட்டுவது எப்படி?

முதல்முறையாக ஒரு பழைய காரின் இன்ஜினைக் கழற்ற விரும்புபவருக்கு நான் பரிந்துரைப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. 1961 முதல் சென்னையில் தயாரானது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்வதால், 948 சிசி இன்ஜினின் இருபுறமும் நின்று வேலை செய்யலாம். முன் டயர்மீதே உட்கார்ந்துகொள்ளலாம். இவ்வளவு இடம் கொடுக்கும் கார் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

தேவையானவை

ஒரு டன் தாங்கும் செயின் பிளாக் (கனத்தைத் தூக்கும் சங்கிலிக் கப்பி), கனமான இரும்புக் குழாய்களால் ஆன முக்காலி, ஜாக்கி, மரக்கட்டைகள், உதவிக்கு ஓர் ஆள். செயின் பிளாக்கை வேப்பமரக் கிளையிலோ ஓட்டுக் கூரையின் உத்தரத்திலோ மாட்டாதீர்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு தொங்கப்போகிறது. ஸ்பேனர்கள் அங்குல அளவில் இருக்க வேண்டும்: 7/16, 1/2, 9/16. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் ஐம்பது வயதைத் தாண்டிய போல்ட்டுகளின் தலை வழுக்கிவிடும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை

இன்ஜினை நிறுத்திவிட்டு, உதவியாளரைக் கிளட்சை மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் கிராங்க் புல்லியை, அதாவது இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கின் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரத்தைப் பாருங்கள். அது முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. இந்த இன்ஜினின் பலவீனமே இதுதான். வாஷர் தேய்ந்து கீழே விழுந்தபின்னும் ஓட்டினால் கிராங்க், இன்ஜின் பிளாக்கையே அரைத்துவிடும். அதன்பின் சிறு செலவில் முடியாது.

கழற்றும் வரிசை

பேட்டரி இணைப்பை முதலில் எடுங்கள். தண்ணீரையும் ஆயிலையும் வடித்துவிடுங்கள். பானெட்டின் விளக்கு ஒயர்களைப் பிரித்து, இருவர் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வையுங்கள். ரேடியேட்டரை எடுங்கள்.

பிறகு இன்ஜினோடு இணைந்த ஒவ்வொன்றாக: பெட்ரோல் பைப், ஆக்சிலரேட்டர், சோக் கேபிள்கள், டைனமோ, காயில், ஆயில் பிரஷர் சுவிட்ச் ஒயர்கள், சைலன்சர் குழாயின் மேல் நட்டுகள், செல்ஃப் மோட்டார். பெட்ரோல் பைப்பின் வாயை உடனே அடைத்துவிடுங்கள். அருகில் பீடியோ விளக்கோ கூடாது. ஒவ்வொரு ஒயரிலும் துண்டுச் சீட்டு ஒட்டிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையையும் கழற்றுங்கள்.

கியர்பாக்ஸ் காரிலேயே இருக்கட்டும். புதியவருக்கு அதுதான் எளிது. இன்ஜினோடு கியர்பாக்ஸ் சேரும் கூடான பெல் ஹவுசிங்கின் மேல்பக்கப் போல்ட்டுகள் எட்டவில்லையென்றால், காருக்குள்ளே கியர்பாக்ஸை மூடியிருக்கும் கவரைக் கழற்றுங்கள். கை தாராளமாகப் போகும். கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிய பிறகே கடைசிப் போல்ட்டுகளையும், இன்ஜினைச் சேசிஸில் தாங்கும் மவுண்டிங்குகளையும் எடுக்க வேண்டும்.

சங்கிலி லேசாக இறுகும்வரை தூக்கி, இன்ஜினை நேராக முன்னுக்கு இழுங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்சிலிருந்து முழுவதும் விடுபடும்வரை மேலே தூக்கக் கூடாது. வரவில்லையென்றால் எங்கோ ஒரு போல்ட் மிச்சமிருக்கிறது. கடப்பாரையால் நெம்பாமல் அதைத் தேடுங்கள். தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கையோ காலோ வேண்டாம்.

வெளியே இருக்கும்போது

மாட்டும் அவசரத்தை இங்கே கொஞ்சம் அடக்குங்கள். கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பாருங்கள். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலை (கிராங்கின் பின்முனையிலுள்ள கனமான சக்கரம்) பார்த்திருந்தது என்று கழற்றும்போதே குறித்துவிடுங்கள். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதிகமென்றால் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் சம்பை (ஆயில் தொட்டி) கழற்றி, கிராங்கின் பின்பக்க மெயின் பேரிங்கில் புது த்ரஸ்ட் வாஷர் போடுங்கள். பள்ளக் கோடுள்ள பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். சம்பைத் திரும்ப மாட்டும்போது முன்பக்கப் போல்ட்டுகளில் கவனம் தேவை. அவை அலுமினியக் கட்டையில் ஏறுகின்றன; கொஞ்சம் அழுத்தினாலும் மரை போய்விடும்.

திரும்ப மாட்டுதல்

பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இது. கிளட்ச் பிளேட் சரியாக நடுவில் இருந்தால்தான் ஷாஃப்ட் உள்ளே போகும். பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அதே கனத்தில் கடைந்த மரக்கட்டையைச் செருகி, பிளேட்டை நடுப்படுத்தியபின், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள்.

இன்ஜினை இறக்கி, கியர்பாக்ஸின் சாய்வுக்குச் சமமாக ஜாக்கியைச் சரிசெய்யுங்கள். காரை டாப் கியரில் போட்டு, இன்ஜினை முன்பின் அசைத்தபடி, கிராங்கை மெல்லத் திருப்பினால் பற்கள் பொருந்தி உள்ளே போகும். இடைவெளியைப் போல்ட்டால் இறுக்கி மூட முயன்றால் கிளட்ச் பிளேட் நெளியும். இன்ஜினின் எடை ஒரு நொடிகூட அந்த ஷாஃப்ட்டின்மேல் தொங்கக் கூடாது.

மற்றவை கழற்றியதன் தலைகீழ் வரிசை. எர்த் பட்டையை மறந்தால், செல்ஃப் மோட்டாருக்கான மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைக் கருக்கிவிடும்.

முதல் ஸ்டார்ட்

சுமார் 4 லிட்டர் 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காயில் ஒயரையும் எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடியுங்கள். பிறகு பிளக்குகளையும் காயில் ஒயரையும் திரும்ப மாட்டுங்கள். சிலிண்டர்கள் எரியும் வரிசை, அதாவது பிளக் ஒயர்களின் வரிசை, 1-3-4-2. ஸ்டார்ட் ஆனதும் ஐந்து நிமிடம் கீழே குனிந்து பெட்ரோல், தண்ணீர், ஆயில் கசிவைப் பாருங்கள். அன்றே நெடும்பயணம் வேண்டாம். தெருவைச் சுற்றிவந்து, இன்ஜின் ஆறியபின் மவுண்டிங், பெல் ஹவுசிங், சைலன்சர் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.