வலசைக் காலத்தில் பறவைக்கு வளையம் மாட்டுவது எப்படி?

எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைப் பறவையின் காலில் மாட்டிப் பறக்கவிடுகிறோம். அதே பறவை பிறகு எங்காவது கிடைத்தால், எங்கிருந்து எங்கே போனது, எத்தனை வருடம் வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். 1899இல் டென்மார்க்கின் விபோர்க் நகரில் மோர்டென்சன் என்ற ஆசிரியர் ஸ்டார்லிங் பறவைகளுக்கு அலுமினிய வளையம் மாட்டினார். இன்றும் அடிப்படை அதுதான்.

பெரும்பாலான நாடுகளில் இதற்கு உரிமம் கட்டாயம். அதனால் இதைப் படித்துவிட்டு வலை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். உரிமம் பெற்ற பயிற்சியாளருடன் நிற்கும்போது அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று புரிவதற்காகவே இந்தப் பதிவு.

1. வலை கட்டுதல்

மிஸ்ட் நெட் என்னும் மெல்லிய கறுப்பு வலையைப் புதரோரமோ நாணல் நடுவிலோ விடியும்போது விரிப்பார்கள். அதைத் தொய்வாகத்தான் கட்ட வேண்டும். மோதும் பறவை அந்தத் தொய்வில் பை போல விழுந்து தங்கும். கீழ்வரிசை தரையைத் தொடக் கூடாது. மழை, பலத்த காற்று, கடும் வெயில் எது வந்தாலும் வலையைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறையாவது சுற்றி வர வேண்டும்.

2. வலையிலிருந்து எடுத்தல்

கற்க அதிக நாள் பிடிப்பது இதுதான். முதலில் பறவை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தது என்று பாருங்கள். அதே பக்கமாகத்தான் வெளியே வரும். பொதுவாக முதலில் கால், அப்புறம் உடல், இறக்கை, கடைசியில் தலை. விரலைப் பிடித்து இழுத்தால் கால் ஒடியும், தொடைப்பக்கமாகப் பிடியுங்கள். நாக்கின் பின்புற முட்களில் நூல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் வரவில்லை என்றால் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். தேவைப்பட்டால் நூலை வெட்டலாம். வலையை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

எடுத்ததும் பறவைக்கு ஒன்றாகத் தனித்தனித் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். தையல் ஓரம் வெளிப்பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் பிரிந்த நூலில் நகம் சிக்கும்.

3. பிடிப்பது

பறவையின் முதுகு உள்ளங்கையில், கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு.

4. வளையம்

இனத்துக்கு உரிய அளவைப் பட்டியலில் பார்த்து எடுங்கள். அதற்கென உள்ள இடுக்கியால் மூடியபின் முனைகள் இடைவெளியின்றிச் சேர வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறவும் கூடாது. வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும், விரல்வழியே நழுவக் கூடாது.

5. அளவுகள்

இறக்கை நீளம், எடை, வயது, பால், நேரம் ஆகியவற்றைக் குறியுங்கள். வலசைக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கொழுப்பு பார்ப்பது. கழுத்தடியில் இறகை ஊதி விலக்கினால் தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரியும். சில கதிர்க்குருவிகள் நெடும்பயணத்துக்கு முன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். நம் கையில் அது கழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இரை தேடாத நிமிடம். ஆகவே வாய் திறந்து மூச்சிரைத்தாலோ சோர்ந்து கண் மூடினாலோ அளவுகள் வேண்டாம், உடனே விட்டுவிடுங்கள்.

6. விடுவது

தூக்கி எறியாதீர்கள். உள்ளங்கையைத் தாழ்வாக விரித்தால் தானே போகும்.

ஏற்கெனவே வளையம் உள்ள பறவை கிடைத்தால் அதுதான் அன்றைய பரிசு. எண்ணை ஒருவர் படிக்க, எழுதுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வளையமாக இருந்தால் அதிலுள்ள எழுத்துகளையும் அப்படியே எழுதி, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.