படம் அழகு, கதை சொதப்பல்: அனிமே ரிவ்யூவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அனிமேஷன் வேற லெவல், கதைதான் சுமார்.” புதிதாக அனிமே ரிவ்யூ எழுத வருகிற எல்லோரும் ஒரு தடவையாவது எழுதிவிடுகிற வரி இது. அவர்களுக்கு முன்னால் எழுதியவர்களும் இதையேதான் எழுதினார்கள். வரி பொய் இல்லை. ஆனால் அதைப் படித்தவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

பெயரை மாற்றி எழுதுவது, எபிசோட் எண்ணிக்கையைத் தப்பாகப் போடுவது போன்றவை சொல்லாமலே தெரியும். இங்கே பார்க்கப்போவது, கண்ணுக்கு விருந்தாகவும் கதையில் ஓட்டையாகவும் இருக்கிற தொடர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் வருகிற தவறுகள். உதாரணத்துக்கு ‘கபனேரி ஆஃப் தி அயர்ன் ஃபோர்ட்ரஸ்’. 2016 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஃபுஜி டிவியின் நொய்டமினா என்ற பின்னிரவு அனிமே நேரத்தில் வந்த 12 எபிசோட் தொடர், தயாரிப்பு விட் ஸ்டுடியோ. கடைசிவரை ஸ்பாய்லர் உண்டு. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி அனிமேஷனைப் பாராட்டுவது

நிறுத்திவைத்த படத்தில் தெரிவது ஓவியம், வண்ணம், பின்னணி, ஒளி சேர்க்கிற காம்போசிட்டிங். அனிமேஷன் என்பது அசைவு. அது ஸ்கிரீன்ஷாட்டில் வராது.

கபனேரியில் இந்தக் குழப்பம் எளிதாக வரும். கதாபாத்திரங்களின் மூல வடிவமைப்பு ஹருஹிகோ மிகிமோட்டோ, 1982இல் வந்த மாக்ராஸ் அனிமேக்கு முகங்கள் கொடுத்தவர். அவருடைய வண்ண ஓவியங்களின் மென்மை திரையிலும் வரவேண்டும் என்று ‘மேக்கப் அனிமேட்டர்’ என்றே தனி வேலை வைத்தார்கள். சாதாரண டிவி அனிமேயில் தோலுக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம், தேவைப்பட்டால் பளபளப்புக்கு இன்னொன்று, எல்லாம் தட்டையாக இருக்கும். இங்கே தேர்ந்தெடுத்த க்ளோசப்களில் இமை, உதடு, கன்னம், முடி எல்லாவற்றிலும் தூரிகை இழுத்த மாதிரி நிறம் கரைந்து போகும். கதாநாயகி முமெய் நிமிர்ந்து பார்க்கிற ஷாட் ஒன்றை நிறுத்திப் பாருங்கள், சுவரில் மாட்டலாம். ஆனால் அவை பெரும்பாலும் அசைவு குறைந்த ஷாட்கள். அதைப் பார்த்துவிட்டு “அனிமேஷன் பிரமாதம்” என்றால் மேக்கப் போட்டவரின் உழைப்பை வேறொருவர் கணக்கில் எழுதுகிறோம்.

அசைவைப் பார்க்க வேண்டுமானால் சண்டைக் காட்சியில் மூன்று வினாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 24 ஃபிரேம், ஆக 72. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, புதுப் படம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 36 வந்தால் ஒரு படம் இரண்டு ஃபிரேம் நிற்கிறது, 24 வந்தால் மூன்று ஃபிரேம். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளி பின்னே கொண்டுவரும். 30 ஃபிரேமில் ஏற்றிய வீடியோவில் படங்கள் இரட்டிப்பாகிக் கணக்கு குழம்பும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எண் கூடினால் தரம் கூடிவிடாது. எடை தெரிகிறதா, அடி விழும் இடத்தில் நேரம் சரியாக நிற்கிறதா என்பதைக் கண்தான் சொல்லவேண்டும்.

ஸ்டுடியோ பெயரிலேயே தீர்ப்பு எழுதுவது

“விட் என்றால் படம் நன்றாக இருக்கும், கதை இருக்காது” என்பது ரிவ்யூ ஆகாது, ஜாதகம். கிரெடிட்டில் மூன்று பெயரைத் தேடுங்கள்: இயக்குநர், தொடர் அமைப்பு (முழுத் தொடரின் கதையைத் திட்டமிடுகிறவர்), கதாபாத்திர வடிவமைப்பு. கபனேரியின் இயக்குநர் டெட்சுரோ அராகி. 2006இல் மேட்ஹவுஸில் டெத் நோட், 2011இல் புரொடக்‌ஷன் ஐ.ஜி.யில் கில்டி கிரவுன், 2013இல் விட்டில் அட்டாக் ஆன் டைட்டன் என்று ஸ்டுடியோ மாறி மாறி வேலை செய்தவர். டெத் நோட்டுக்கும் டைட்டனுக்கும் மூலமாக மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், இருந்தது. கில்டி கிரவுனும் கபனேரியும் டிவிக்காகவே எழுதிய மூலக்கதைகள். ஸ்டுடியோ பெயரைவிட இந்த ஒரு வேறுபாடு அதிகம் பேசும். கபனேரியின் தொடர் அமைப்பு இச்சிரோ ஒகோச்சி, கோட் கியாஸின் கதையை அமைத்தவர். ஆகவே “எழுதத் தெரியாதவர்கள்” என்று சுலபமாகத் தள்ளவும் முடியாது.

“கதை வீக்” என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பது

எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது இதுதான். விலையும் அதிகம். படிக்கிறவர் இதை நம்பித் தொடரையே தவிர்ப்பார், அல்லது அலட்சியப்படுத்திப் பார்ப்பார். இரண்டிலும் ரிவ்யூ எழுதியவரின் பங்கு பூஜ்யம். வயிறு வலிக்கிறது என்று வருகிறவரிடம் “ஆமாம், வயிற்றில்தான் ஏதோ கோளாறு” என்று சொல்லி ஃபீஸ் வாங்குகிற டாக்டர் மாதிரி.

எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை போதும். ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்து மூன்று பத்தி (காலம்) போடுங்கள். யாருக்கு என்ன வேண்டும், அதற்கு அவர் என்ன முடிவெடுத்தார், அதனால் எதை இழந்தார். எபிசோடுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். பார்த்து முடித்த கையோடு எழுதவேண்டும். எல்லாம் பார்த்தபிறகு நினைவிலிருந்து எழுதினால் மனசே ஓட்டைகளை அடைத்துவிடும்.

கபனேரியை இப்படி எழுதிப் பாருங்கள். முதல் எபிசோட்: கதாநாயகன் இகோமா ரயில் நிலையத்தில் வேலை செய்கிற கொல்லன். இதயம் இரும்புக் கூட்டுக்குள் இருக்கிற கபனேக்களை (கடித்தால் தொற்றுகிற நடைபிணங்களை) துளைக்க ஒரு துப்பாக்கியைத் தானே செய்துவைத்திருக்கிறான். தங்கையை விட்டுவிட்டு ஓடிய பழைய குற்றவுணர்வு உள்ளே இருக்கிறது. ஒரு கபனேயைச் சுட்டுக் காட்டுகிறான், அதற்குள் கடி வாங்குகிறான். தொற்று மூளைக்கு ஏறாமல் கழுத்தை இரும்பால் நெரித்து நிறுத்துகிறான். ஆசை, முடிவு, இழப்பு மூன்றும் ஒரே எபிசோடில். இனி அவன் முழு மனிதன் இல்லை. இரண்டாவது எபிசோட்: தன்னைச் சுட்டுத் தள்ளிய அதே கூட்டத்தின் ரயில் தப்பிக்கப் பாலத்தை இறக்கிக்கொடுக்க அவனே பின்தங்குகிறான். மூன்று பத்தியும் மறுபடி நிறைகிறது.

ஏழாவது வரை பெரும்பாலும் இப்படியே போகும். ஏழாவதின் முடிவில் பிபா வருகிறான். நாட்டை ஆளும் ஷோகனின் மகன், வேட்டைக்காரர் படைத் தலைவன். அதற்குப் பிறகு உங்கள் தாளில் இரண்டாவது பத்தியைப் பாருங்கள்: முடிவெடுக்கிறவர் பெயர் எல்லாம் பிபா. நிலையத்தைக் கபனேக்களிடம் விடுவது அவன், ரயிலைப் பிடிப்பது அவன், தலைநகரை நோக்கிப் போவது அவன். இகோமா ஓடிவந்து பதில் சொல்கிறவன் ஆகிவிட்டான். முதல் பாதியில் துணிச்சலும் குறும்புமாகத் தாவிச் சண்டை போட்ட முமெய், மீட்கப்படவேண்டிய ஆளாகச் சுருங்குகிறாள். பட்டறையில் தன் கையால் விடை தேடியவனுக்குக் கடைசிச் சண்டையில் பலம் ஊசி வழியாக வருகிறது.

மூன்றாவது பத்தியிலும் ஒரு விஷயம் சிக்கும். இகோமாவின் நண்பன் தக்குமி அவனுக்காகக் குண்டு வாங்கிச் சாகிறான். பெரிய இழப்பு. ஆனால் முந்தைய வரிகளைத் திருப்பினால் ‘யாருக்கு என்ன வேண்டும்’ பத்தியில் தக்குமி பெயர் வந்ததே அபூர்வம். அழவைக்கவேண்டிய இடம் ஏன் அரைகுறையாக நின்றது என்பதற்கு அங்கேயே விடை. பிபாவின் கோபமும் அப்படித்தான். அப்பா தன்னைப் போர்க்களத்தில் கைவிட்டார் என்று நமக்குச் சொல்கிறார்கள். அந்தக் காயம் அவன் வளர வளர எப்படி இந்த வடிவம் எடுத்தது என்று காட்ட எஞ்சிய ஐந்து எபிசோடில் இடமில்லை.

இப்போது எழுதக்கூடிய வரி: “ஏழாவது எபிசோட் முடிவில் பிபா வந்ததும், கதையை நகர்த்துகிற முடிவுகள் இகோமாவின் கையைவிட்டுப் போகின்றன. பத்தாவதில்தான் திரும்புகின்றன, அதுவும் பாதி.” இதைப் படித்தவர் ஏழு வரை ரசித்துப் பார்ப்பார், எட்டில் எதற்குத் தயாராக இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்வார். உங்களோடு சண்டை போடவும் அவருக்குப் பிடி கிடைக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு: ஓட்டை எண்ணுவது. அத்தனை பேருக்கு ரயிலில் சாப்பாடு எப்படி, நீராவிக்குத் தண்ணீர் எங்கே என்று இருபது கேள்வி அடுக்கினால் கதை பலவீனம் நிரூபணம் ஆகிவிடாது. பாத்திரங்கள் உயிரோடு இருந்தால் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

இசை செய்த வேலையை எழுத்தின் கணக்கில் சேர்ப்பது

ஹிரோயுகி சவானோவின் இசை எழும்பினால் எந்த வசனமும் வீரவசனம்தான். சந்தேகம் வந்தால் அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல், சப்டைட்டில் மட்டும் வைத்து இன்னொருமுறை பாருங்கள். மயிர்க்கூச்செறிவு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ, அதுதான் எழுத்தினுடையது.

மூன்று எபிசோடோடு தீர்ப்பு

மூன்று எபிசோட் பார்த்து முடிவுசெய் என்பது பார்வையாளருக்கான விதி, எழுதுகிறவருக்கு அல்ல. கபனேரியின் முதல் மூன்றும் டிவிக்கு முன்பே ஜப்பானியத் தியேட்டர்களில் காட்டப்பட்டவை. முதல் எபிசோட்களில் உழைப்பைக் குவிப்பது பல ஸ்டுடியோக்களின் வழக்கம். மூன்றோடு எழுதியே ஆகவேண்டும் என்றால் தலைப்பிலேயே ‘முதல் பார்வை’ என்று போடுங்கள்.

டைட்டனோடு ஒப்பிடுவது

ஒரு வரி போதும், ஒரு பாரா வேண்டாம்.

படம் 9, கதை 5, சராசரி 7

கூட்டி வகுப்பது ரேஷன் கடைக்கு.

தொடர்ச்சிப் படத்தைச் சேர்த்து மார்க் போடுவது

2019இல் வந்த உனாட்டோ படம் தொடருக்கு ஆறு மாதம் கழித்து நடப்பது. பிபா முடிந்துபோனவன், ஒரே இடம், ஒரே போர், ஓடும் நேரம் ஒரு மணிக்குச் சற்று மேல். படம் சீராக இருக்கிறது என்று தொடரின் எட்டாவது எபிசோடை மன்னிக்காதீர்கள். தனி ரிவ்யூ எழுதுங்கள், அதே மூன்று பத்தித் தாளோடு.