டாக்டர் வயிற்றைப் பார்ப்பார், நீங்கள் நாயைப் பாருங்கள்

மதுரையில் நாய், பூனைகளுக்கான ஒரு கிளினிக்கில் 14 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். 'வெட்னரி நர்ஸ்' என்றெல்லாம் இங்கே யாரும் கூப்பிடுவதில்லை, 'அக்கா' தான். போன வாரம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பெண் நாய்க்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம், எங்களுக்கு அதிகம் வருவது அதுதான். கத்தியைப் பிடிப்பதும் மருந்தின் அளவை முடிவு செய்வதும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. 1984ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. மற்றதில் முக்கால்வாசி நம் தலையில்.

வேலை வாசலிலேயே தொடங்கிவிடும். "வெறும் வயிறுதானே?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "காலையில என்ன சாப்பிட்டுச்சு?" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் பாலும் ரெண்டு பிஸ்கட்டும்தான்" என்று உண்மை வெளியே வரும். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். சைலசின் என்ற மயக்க ஊசி போட்டால் வாந்தி வருவதும் சகஜம். வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவு 9 மணியோடு சாப்பாடு நிறுத்தம், தண்ணீர் காலை வரை கொடுக்கலாம். குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், அதற்கு டாக்டர் சொல்லும் நேரம்தான். கடைசியாக எப்போது ஹீட், அதாவது இணைசேரும் பருவம், வந்தது என்றும் கேட்டு எழுதுங்கள். ஹீட்டில் இருக்கும் நாய்க்கு ஆபரேஷனில் ரத்தம் கூடுதலாகப் போகும். எடையை அன்றைக்கே போடுங்கள். போன மாதச் சீட்டிலிருந்து பார்த்து எழுதுவது சோம்பேறித்தனம்.

நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த கருவிப் பொட்டலத்தில் டேப்பின் கோடுகள் கறுத்திருக்கிறதா, துணி ஈரமாக இல்லையா என்று பாருங்கள். ஈரமாக இருந்தால் திரும்ப வையுங்கள்.

எங்கள் டாக்டர் வலப்பக்கம் திறப்பார், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். வலது சினைப்பை சற்று முன்னால் தள்ளி இருப்பதால் அந்தப் பக்கம் திறந்தால் எட்டுவது சுலபம். ஆகவே நாயை இடப்பக்கமாகப் படுக்க வையுங்கள். முடியைத் தியேட்டருக்கு வெளியிலேயே மழித்துவிடுங்கள், உள்ளே மழித்தால் காற்றில் பறக்கும். பஞ்சால் துடைக்கும்போது நடுவிலிருந்து வட்டமாக வெளியே போக வேண்டும். ஓரத்தைத் தொட்ட பஞ்சு நடுவுக்குத் திரும்பவே கூடாது, அதைப் போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை இப்படி. அதற்காக நாயைக் குளிப்பாட்டிவிடாதீர்கள், ஈரத்தோடு ஏசியில் கிடந்தால் உடம்பு சில்லிட்டுவிடும்.

சரி, இப்போது முக்கியமான இடம். டாக்டர் கத்தியை வைத்த நிமிடத்திலிருந்து அவர் கண் வயிற்றை விட்டு நகராது. நாய் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது நீங்கள். கெட்டமின் என்ற மயக்க மருந்து போட்ட நாயின் கண் திறந்தே இருக்கும், இமைக்காது, காய்ந்துபோகும். அதனால் முதலில் கண் களிம்பு. அப்புறம் ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் ரோஸ் நிறத்துக்குத் திரும்ப வேண்டும். தொடையின் உட்புறம் நாடி கிடைக்கும். மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். ஒரு எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் தெரியாது. ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தாளில்தான் தெரியும்.

சினைப்பையை டாக்டர் பிடித்து இழுக்கும் நேரத்தில் இன்னும் உஷாராக இருங்கள். ஆபரேஷனிலேயே வலி அதிகமான இடம் அது. ராணி என்று ஒரு சிப்பிப்பாறை இன நாய், திருமங்கலத்திலிருந்து வந்தது. அதுவரை 90ல் இருந்த நாடி அந்த இழுப்பில் 140க்கு ஏறியது. மூச்சு வேகமானது, தளர்ந்திருந்த தாடை என் விரலுக்கு இறுகியது. "சார், மயக்கம் லேசாகுது" என்றேன். அவர் கையை நிறுத்தி மருந்து கூட்டச் சொன்னார். இதைச் சொல்லத் தயங்கவே கூடாது. நாம் சொன்னது தப்பாகப் போனால் ஒரு நிமிடம்தான் நஷ்டம்.

நாக்கில் மாட்டும் ஆக்சிமீட்டர் திடீரென்று கத்தும். மெஷினைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள், நாயைப் பாருங்கள். மார்பு அசைகிறதா, ஈறு ரோஸாக இருக்கிறதா? ஒன்று சரியில்லை என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லாம் சரியென்றால் பெரும்பாலும் நாக்கு காய்ந்திருக்கும். ஈரப்படுத்திக் கிளிப்பைக் கொஞ்சம் தள்ளி மாட்டினால் போதும்.

ரத்தம் ஒற்றும் காஸ் துணித் துண்டுகளை, வயிற்றைத் திறக்கும் முன் எண்ணிப் பலகையில் எழுதுங்கள். வயிற்றை மூடும் முன் திரும்ப எண்ணுங்கள். ஒரு நாள் 10 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தது. டாக்டர் தைக்க மறுத்துவிட்டார். கால் மணி நேரம் வாளி, துணி, வயிறு எல்லாம் தேடினோம். கடைசியில் என் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது!

தையல் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் பலரும் டீ குடிக்கப் போவார்கள். போகாதீர்கள். நாய் தானாக விழுங்கும்வரை மூச்சுக்குழாய் டியூபை எடுக்கக் கூடாது, அதற்குப் பிறகு தாமதிக்கவும் கூடாது, கடித்துவிடும். டியூப் எடுத்ததும் கழுத்தை நீட்டி வையுங்கள். காய்ச்சல்மானி 100 டிகிரிக்குக் கீழே காட்டினால் போர்த்துங்கள், 98க்கும் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். சிப்பிப்பாறை மாதிரி கொழுப்பில்லாத நாய் சீக்கிரம் குளிர்ந்துவிடும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும். என் முதல் வருடத்தில் சுற்றாமல் வைத்து, ஒரு நாட்டு நாயின் விலாவில் கொப்புளம் வந்தது. மயக்கத்தில் இருக்கும் நாயால் சுடுகிறது என்று நகர முடியாது. ஆபரேஷன் காயம் ஆறிய பிறகும் அந்தப் புண்ணுக்கு நான்தான் மருந்து போட்டேன்.

எழுந்திருக்க வேண்டிய நேரம் தாண்டியும் சோர்ந்தே கிடந்து, ஈறு வெளுத்து, நாடி வேகமாக இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கழுத்துக் கூம்பை நீங்களே மாட்டி அனுப்புங்கள். தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 நாளைக்குக் குளிப்பாட்டக் கூடாது, கூம்பைக் கழற்றக் கூடாது. ராணி வீட்டு அம்மா மூன்றாம் நாளே போன் செய்தார்கள்: "பாவமா இருக்குக்கா, ராத்திரி மட்டும் கழட்டட்டுமா?" நக்குவதே ராத்திரியில்தான் என்றேன்.