90 ஜிபி காலி, ஆனால் ‘இடம் இல்லை’

வெள்ளவத்தையில் கல்யாண வீடியோ தொகுக்கும் என் கணினி ஒரு சனிக்கிழமை இரவு கோப்பைச் சேமிக்க மறுத்தது: ‘இடம் இல்லை’. வன்தட்டின் காலி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையோ 90 ஜிபி காலி என்றது. பழைய கோப்புகளை அழித்தும் பயனில்லை. விடிந்தால் வேலையைக் கொட்டாஞ்சேனையில் ஒப்படைக்க வேண்டும், கை நடுங்கியது.

வன்தட்டில் இருந்தது பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற லினக்ஸ் கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை வன்தட்டில் அடுக்கி வைக்கும் முறை. அது பழைய தரவின் மேலேயே எழுதாது. வேறிடத்தில் எழுதிவிட்டு, தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை மாற்றும். அதனால்தான் நொடியில் ஸ்னாப்ஷாட் (கோப்புகள் அந்த நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) எடுக்க முடிகிறது. நான் அழித்தவற்றை அந்த ஸ்னாப்ஷாட்களே விடாமல் பிடித்திருந்தன. தவிர, தரவுக்கும் மெட்டாடேட்டாவுக்கும் (கோப்புகளின் பெயர், இருப்பிடம் போன்ற விவரங்கள்) தனித்தனித் துண்டுகளாக இடம் ஒதுக்கப்படுகிறது. பயன்பாட்டு விவரத்தைப் பார்த்தேன்: ஒதுக்கப்படாத இடம் 1 எம்பி! தரவுத் துண்டுகள் பாதி வெறுமையாகக் கிடக்க, மெட்டாடேட்டாவுக்குப் புதுத் துண்டு கிடைக்கவில்லை.

பழைய ஸ்னாப்ஷாட்களை நீக்கினேன். பிறகு, துண்டுகளில் உள்ளதை நெருக்கி அடுக்கி வெறுமையானவற்றை விடுவிக்கும் பேலன்ஸ் கட்டளையை 5 சதவீதத்துக்கும் குறைவாக நிரம்பிய துண்டுகளுக்கு மட்டும் ஓட்டினேன். அடுத்து 20, பின் 40. எடுத்த எடுப்பில் முழு பேலன்ஸ் ஓட்டாதீர்கள், மணிக்கணக்கில் இழுக்கும்.

இரண்டு மணிக்குக் கோப்பு சேமிக்கப்பட்டது. ஸ்னாப்ஷாட்களை இப்போது ஏழு நாளுக்கு மேல் வைப்பதில்லை. காப்புப் பிரதி வேறு வன்தட்டில் இருக்கிறது.