குதிரைக்கு முட்டி எது? பெயர் சொல்வதில் நேரும் தவறுகள்

"பின்னங்கால் முட்டி வீங்கியிருக்கு, டாக்டர்" என்று போனில் சொல்பவர்களில் பலர் காட்டுவது முட்டியை அல்ல. பின்னங்காலின் நடுவில் பின்பக்கமாகக் கூராகத் துருத்தி நிற்பது நம் குதிகாலுக்குச் சமமான இடம். உண்மையான முட்டி அதற்கும் மேலே, அடிவயிற்று மடிப்பு தொடையோடு சேரும் இடத்தில், சில்லு எலும்போடு இருக்கிறது. முன்னங்காலில் நாம் முட்டி என்பது உண்மையில் மணிக்கட்டு. அதனால் "இடது பின்னங்கால், வெளியே தெரியும் மூட்டுகளில் குளம்பிலிருந்து இரண்டாவது" என்று எண்ணிச் சொல்லுங்கள். படம் அனுப்பினால் கால் முழுவதும் தெரிய வேண்டும். வீக்கத்தை மட்டும் நெருங்கி எடுத்த படத்தில் எந்தக் கால் என்றே தெரியாது.

கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைத் திமில் என்பதும் தவறு. மாட்டுத் திமில் சதை. இது முதுகெலும்பின் முட்கள் உயர்ந்து நிற்கும் மேடு. சேணம் இதில் அழுத்தினால் புண் சீக்கிரம் ஆறாது. உயரத்தையும் தலையில் அல்ல, இங்கேதான் அளக்க வேண்டும். குதிரையின் உயரத்தைச் சொல்லும் அளவான ஒரு கை என்பது 4 அங்குலம். 13.2 கை என்றால் 13 கையும் 2 அங்குலமும், அதாவது 54 அங்குலம். தசமமாக நினைத்துப் பெருக்கினால் 52.8 என்று தப்பாக வரும்.

நம் டெல்டாவில் அதிகம் கெடுவது அடிக்குளம்பு. குளம்பைத் தூக்கிப் பார்த்தால் குதிப்பக்கத்திலிருந்து முன்னே கூம்பிப் போகும், ரப்பர் மாதிரியான ஆப்பு ஒன்று தெரியும். அதை வேண்டாத வளர்ச்சி என்று சிலர் சீவி எறிகிறார்கள். தரையில் படும் அதிர்வைத் தாங்க உதவுவதே அதுதான். தொங்கும் நைந்த தோலை மட்டும் லாடம் அடிப்பவர் எடுக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வயல் களிமண் அதன் இருபக்கப் பள்ளத்தில் அடைத்து, காற்றுப் புகாமல் அழுகும். கருப்பாகக் கசிந்து நாறினால் அதுதான் அறிகுறி. தினமும் கொக்கியால் குதியிலிருந்து நுனி நோக்கி மண்ணை எடுங்கள். லாயத் தரை காயாமல் மருந்து மட்டும் போட்டுப் பயனில்லை.

கால்களின் உட்புறத்தில் இருக்கும் கொம்பு போன்ற காய்ப்பு மருவல்ல, பிறவியிலேயே இருப்பது. அதை அறுக்கக் கூடாது.

மயிரிலும் குழப்பம் உண்டு. பிடரி என்பது பின்கழுத்து. காதுகளுக்கு நடுவே நெற்றியில் விழுவது நெற்றி மயிர். வாய், கண்ணைச் சுற்றிய நீண்ட மயிர்கள் தொடுவதை உணர்த்துபவை, அழகுக்காகக் கத்தரிக்காதீர்கள்.

குதிரையின் அடையாளக் குறிப்பில் நிறம் எழுதும்போது உடம்பை மட்டும் பார்த்துச் செவலை என்று முடித்துவிடாதீர்கள். பிடரி மயிர், வால், கீழ்க்கால் மூன்றும் கருப்பாக இருந்தால் அது வேறு நிற வகை. வெள்ளைக் குதிரை என்பவற்றில் பெரும்பாலானவை கருநிறத்திலோ செந்நிறத்திலோ பிறந்து, வயதாக ஆக வெளுத்தவை; மூக்கோரத் தோல் கருப்பாகவே இருக்கும். அதனால் குறிப்பில் மயிர்ச்சுழி இருக்கும் இடத்தையும் எழுதுங்கள். சுழியை வைத்து ராசி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் நிறம் மாறினாலும் சுழி இடம் மாறாது. விற்பனையில் தகராறு வந்தால் குதிரையை அடையாளம் காட்ட அது உதவும்.