நெடும்பயணத்துக்கு முன் பெட்ரோலும் டோலும்

கம்பெனி சொல்லும் மைலேஜை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டேங்கை முழுதாக நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டுங்கள். அப்புறம் மறுபடி முழுதாக நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் உங்கள் வண்டியின் நிஜ மைலேஜ் கிடைக்கும். 420 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் என்றால் லிட்டருக்கு 15. அப்படியானால் 900 கிலோமீட்டருக்கு 60 லிட்டர். நான் எப்போதும் பத்தில் ஒரு பங்கு கூட்டி 66 என்றுதான் எழுதுவேன். நெரிசல், ஏசி, வழி தவறிச் சுற்றுவது எல்லாம் அதில் அடங்கிவிடும்.

வேகத்தையும் முன்பே முடிவு செய்யுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 100-லிருந்து 120-க்குப் போனால் அது 44 சதவீதம் கூடுகிறது. கூரை மேல் பெட்டி வைத்தால் இன்னும் மோசம்.

சரி, டோல். போகும் இடத்தின் முறையை முதலில் பாருங்கள். பிரான்ஸில் பெரும்பாலும் ஓடும் தூரத்துக்குக் கட்டணம். சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கு ஒரே கட்டணம். ஆனால் கிரேட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கப்பாதைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். டோல் இல்லாத வழி 60 கிலோமீட்டர் சுற்று என்றால், அந்த 4 லிட்டரின் விலையை டோலோடு ஒப்பிட்டுவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்.