முதலில் கால் பதில் சொல்லட்டும்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் கற்றுத்தரும்போது ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். புதுச் சொல்லை முதல் நாளே யாரையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல மாட்டேன். காது கேட்கட்டும், உடம்பு பதில் சொல்லட்டும். 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் இதை ஒரு கற்பித்தல் முறையாகவே வகுத்தார். தாய்மொழியும் அப்படித்தானே வருகிறது? 'இங்கே வா' என்றால் குழந்தை தவழ்ந்து வந்துவிடும். அதைத் தானே சொல்லப் பல மாதம் பிடிக்கும்.

தொடங்குவதற்குத் தொட்டு வரும் ஆட்டம் போதும். ஆறு சொற்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: டோர், விண்டோ, வால், சேர், பேக், ஃப்ளோர். இவற்றில் குறைந்தது இரண்டு சொற்களாவது முன்பே தெரிந்தவையாக இருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே போய் நீங்களே தொட்டுக் காட்டுங்கள். அடுத்த சுற்றில் பிள்ளைகளும் கூட வரட்டும். அதற்கப்புறம் நின்ற இடத்தில் நின்று சொல்லை மட்டும் சொல்லுங்கள். 'வால்' என்றதும் சிலர் தங்கள் முதுகுப் பக்கம் தடவிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்தச் சொல் பிறகு மறக்காது.

இங்கே நம் கண்ணே நம்மைக் காட்டிக்கொடுக்கும். 'விண்டோ' என்று சொல்லும் முன்பே ஜன்னலைப் பார்த்துவிடுவோம். பிள்ளைகள் சொல்லை விட்டுவிட்டு நம் பார்வையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். நான் ஒரு அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் சொல்வேன். முன்னால் ஓடுகிறவன் பின்னாலேயே ஓடும் பிள்ளைகளும் உண்டு. அதனால் நடுவில் ஒரு சுற்று, எல்லாரும் கண்ணை மூடி, இருந்த இடத்திலிருந்தே கை நீட்டிக் காட்ட வேண்டும். யாருக்குப் பிடிபடவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி ஆறு வாரம் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. ஆனால் ஆட்டத்தில் தவறாமல் சரியான இடத்தில் நிற்பாள். ஒரு நாள் கதவில் வைத்த கையை எடுக்காமல் 'டோர்' என்றாள், தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கைதட்டினால் கூசிப்போவாள் என்று அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். மறுநாள் சத்தமாகவே சொன்னாள்.

சொற்கள் ஓரளவு பழகியதும் படங்களைக் கரும்பலகையில் ஒட்டி, அணிக்கு ஒருவராக நிறுத்தி, சுருட்டிய செய்தித்தாளால் படத்தை அடிக்கச் சொல்லலாம். ஓட்டத்தில் சமமான இருவரை ஜோடி சேருங்கள். சொல்லை எழுதிய அட்டை படத்துக்கு அப்புறம்தான்.

'அவுட்' சொல்லி யாரையும் உட்கார வைக்காதீர்கள். தவறுகிற பிள்ளைக்குத்தான் இன்னும் நாலு தடவை ஆட வேண்டியிருக்கிறது. ஓர் அடி பின்னால் நின்று தொடர்ந்து ஆடட்டும்.

மூன்றாம் நாள் கட்டளை போடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஆசிரியரை ஓடவைக்கும் ஆசையில் எப்பேர்ப்பட்ட வாயும் திறக்கும். பத்து நிமிடத்தில், 'இன்னொரு தடவை' என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.